கன்னிமார் குளத்தில் மைனஸ் மூன்றடித் தண்ணீர்

எங்கள் ஊரில் கன்னிமார் குளம் என்று ஒரு குளம் உண்டு, அந்தக் குளத்தில் ஒரு வருஷம் தை மாதம் தொடங்கி சித்திரைக் கடைசி வரைக்கும் மைனஸ் மூன்றடித் தண்ணீர் நின்றது, அதற்கு நான்தான் காரணம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றாலும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள் என்பதால், தப்பைச் செய்தவனே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒழுங்காகச் சொல்வது எனக்கு அவ்வளவாக வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வந்திருந்தால் குளத்துக்கு அந்தக் கதி நேர்ந்திருக்காது.

என் பெயர் ஆவுடையப்பன். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணித மாதிரியாக்கமும் கணிப்பியலும் என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது, அதற்கு இருபது இடம், அந்த வருஷம் விண்ணப்பித்தவர்கள் பன்னிரண்டு பேர், அந்தப் பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆளாக எனக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று பலகையில் ஒட்டியிருந்ததை என் அப்பா செல்போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தார். உலகத்தில் நடக்கிற எதையும் சமன்பாடாக எழுதலாம், எழுதிய சமன்பாட்டைப் புரோகிராமாக மாற்றலாம், அந்தப் புரோகிராமை ஓடவிட்டால் நாளைக்கும் நாளை மறுநாளும் நடக்கப்போவது இன்றைக்கே திரையில் வந்து நிற்கும் என்று முதல் நாள் வகுப்பில் சொன்னார்கள், கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். முதல் மாதம் முழுக்க வரிக் கடைசியில் வைக்க வேண்டிய இரண்டு புள்ளியை வைக்க மறந்து கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்கினேன், இரண்டாம் மாதம் வைக்கக் கூடாத இடத்திலெல்லாம் வைத்துத் திட்டு வாங்கினேன், மூன்றாம் மாதம் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்லி ஒரு லூப் எழுதினேன், அது பத்தில் நிற்காமல் மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, லேப் உதவியாளர் வந்து ஒயரைப் பிடுங்கித்தான் அதை நிறுத்தினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல மறப்பது என் பிறவிக் குணம். என் பேச்சை வைத்தே அம்மா இதைச் சின்ன வயதில் கண்டுபிடித்திருந்தாள்.

அந்தப் பாடத்தை எடுத்தவர் ஜெசிந்தா மிஸ். என்னைவிட நாலே வயது மூத்தவர், கெஸ்ட் லெக்சரர், ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி வரச் சொல்வார்களா மாட்டார்களா என்று துறைத்தலைவரின் முகத்தைப் பார்த்து நிற்கிறவர், ஆனால் வகுப்புக்குள் வந்துவிட்டால் அந்தப் பயமெல்லாம் எங்களுக்கு மாறிவிடும். "ஊர்ல கூடுற குறையுற ஏதாவது ஒண்ணைப் பிடிங்க, நாளைக்கு எவ்வளவு இருக்கும்னு புரோகிராம் சொல்லணும்" என்று சொல்லி எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார், ரோல் நம்பரில் முதல் ஆளான என்னையும் கடைசி ஆளான செய்யதலி பாத்திமாவையும் சேர்த்துப் போட்டார். ஒரு ஜோடி பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தை எடுத்துக்கொண்டது, ஒரு ஜோடி ஹாஸ்டல் கொசுவை எடுத்துக்கொண்டது, நாங்கள் வாய் திறப்பதற்குள் நல்லதெல்லாம் போய்விட, கடைசியில் மிஞ்சியது கன்னிமார் குளம். பாத்திமாவின் வீடு குளக்கரைத் தெருவில் இருந்ததால் அளக்கிற வேலை சுலபம் என்று நான் சந்தோஷப்பட்டேன், அதாவது அளக்கிற வேலை அவளுடையது என்று.

குளத்தின் கணக்கு ரொம்ப எளிது. இன்றைய மட்டத்திலிருந்து வெயில் குடிப்பது அரை அங்குலம், மடை வழியாக வயலுக்குப் போவது ஓர் அங்குலம், இரண்டையும் கழித்தால் நாளைய மட்டம், நாளைய மட்டத்திலிருந்து மறுபடி கழித்தால் மறுநாள் மட்டம், இப்படிக் கழித்துக்கொண்டே போகச் சொல்லி ஒரு லூப். மழையைச் சேர்க்க இன்னும் ஐந்து வரி எழுத வேண்டியிருந்ததால் மழையை விட்டுவிட்டேன். ஐப்பசியில் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று அளந்து வரப் பாத்திமா கிளம்பியபோது, அதெல்லாம் எதற்கு வெயிலில் அலைகிறாய் என்று பெருந்தன்மையாகத் தடுத்து, ஒன்பது அடி என்று நானே போட்டேன். தண்ணீர் தீர்ந்துபோனால் மடையும் எடுக்காது, வெயிலும் குடிக்காது என்பது குளத்தில் படுத்துக் கிடக்கிற எருமைக்குக்கூடத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தும் அதை ஒரு வரியில் எழுதிவைக்கத் தோன்றவில்லை. எழுபத்திரண்டாம் நாள் குளம் பூஜ்யத்துக்கு வந்தது, லூப் நிற்காமல் போனது, தொண்ணூற்றாறாம் நாள் மைனஸ் மூன்றடியில் வந்து முடிந்தது.

"ஏ ஆவுடை, கோடு கீழ போவுதே" என்றாள் பாத்திமா.

"அது டிரெண்டு" என்றேன்.

"தண்ணி எப்படி மைனஸ்ல போவும்?"

"இதெல்லாம் யாரு பாக்கா பாத்திமா, நாளைக்கு ரெக்கார்ட் வைக்கணும், கிராஃபை ஒட்டு."

வெளியாட்களுக்கு ரெக்கார்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடினால் மட்டும் போதாது, அதை ஒரு கனத்த நோட்டில் நீல மையில் கையால் திரும்ப எழுத வேண்டும், கோடு போட்ட வலப்பக்கத்தில் புரோகிராம், கோடு போடாத இடப்பக்கத்தில் அவுட்புட்டும் கிராஃபும், மேலே காக்கி அட்டை. அடித்தல் கூடாது, திருத்தல் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, ஓர் எழுத்துப் பிசகினாலும் அந்தப் பக்கத்தையே புதிதாக எழுதி, முதலில் கையெழுத்துப் போட்டவரிடமே மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். மிஸ் கையெழுத்துப் போட்டதும் துறை முத்திரை விழும், முத்திரை விழுந்ததும் பீரோவுக்குப் போகும், பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் கட்டுக் கட்டிப் பழைய ரெக்கார்ட் அறையில் அடுக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு அதைக் கடவுளாலும் திருத்த முடியாது. தை நாலாம் தேதி மூன்று மணிக்குள் எல்லா ரெக்கார்டும் மேஜைக்கு வர வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார், பன்னிரண்டு பேர் ஆளுக்குப் பதினான்கு பாடம் எழுதியிருந்தோம், நாங்கள் படிக்காமல் எழுதினோம், மிஸ் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மழை பொய்த்த அந்த வருஷத்திலும் முந்தின நாள் வரை இரண்டடிச் சேற்றுத் தண்ணீர் மிச்சமிருந்த குளத்துக்குள் எப்போதும்போல் இறங்கிய எருமை, சேறு பூசிக்கொள்ளாமல், போனதைவிடச் சுத்தமாக, குளித்துப் பவுடர் போட்டதுபோல் கரையேறி வந்தது. அதைப் பார்த்த எருமைக்காரர் தன் வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைக் குளத்தில் துப்பினார், அது தரையைத் தொடவில்லை. பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஜீப்பில் வந்தார், ஒரு லாரித் தண்ணீரை வரவழைத்து ஊற்றச் சொன்னார், பன்னிரண்டாயிரம் லிட்டரும் ஈரத்தின் அடையாளம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது, அவர் நெற்றியைச் சுருக்கிக் கணக்குப் போட்டு, இந்தக் குளத்தில் மூன்றடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் பூஜ்யம் வரும், அதற்கு மேல் ஊற்றுவதுதான் தண்ணீராக நிற்கும் என்று அறிவித்தார். பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதால் -3 என்று எழுதிக் கையெழுத்திட்டு ஜீப்பில் ஏறிப் போனார். ஊர்க்காரர்கள் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, சரி, பிளஸ் இருந்தால் மைனஸும் இருக்கத்தானே செய்யும் என்று வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் குளத்தைப் பழகிக்கொண்டது. துவைத்த துணியைக் குளத்துக்குள் வீசி எடுத்தால் மூச்சு விடுகிற நேரத்துக்குள் காய்ந்து மொடமொடவென்று வந்தது, பத்துத் தெருப் பெண்களும் ஈரத் துணி வாளியோடு வரிசையில் நின்றார்கள், காலையில் தூத்துக்குடியிலிருந்து வந்த சாளை மீன் பதினொரு மணிக்குக் கருவாடாகி சந்தைக்குப் போனது, வடகம், வற்றல், மிளகாய் எல்லாம் குளத்துக்குள் கால் மணி நேரம் இருந்தால் போதும், சளி ஒழுகுகிற பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி மூன்று எண்ணுவதற்குள் மூக்கு சுத்தமானது, கால் வீங்கியவர்கள் வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். நகராட்சி ஒரு பலகை வைத்தது: ஆழம் -3 அடி, நீந்தத் தெரியாதவர்கள் இறங்க வேண்டாம், நீந்தத் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம். தைப்பூசத்துக்குத் தெப்பம் ஓட்டுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் கூட்டம் போட்டுப் பேசி, மைனஸ் தண்ணீரில் பின்னால் போனால்தான் முன்னால் போனதாகக் கணக்கு என்று முடிவு செய்து, இளவட்டங்கள் தெப்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு பின்பக்கமாகவே நடந்து குளத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள், இரண்டு பேர் தடுக்கி விழுந்ததைத் தவிர ஒரு குறையுமில்லை.

இதெல்லாம் என் கைங்கரியம் என்று எப்படித் தெரிந்ததென்றால், பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஏதாவது தெரிகிறதா பார்ப்போம் என்று பொறியாளர் வந்து விசாரித்தபோது துறைத்தலைவர் பீரோவைத் திறந்தார், என் ரெக்கார்டில் கடைசி வரியில் அன்றைய தேதிக்கு நேராக -3.0 என்று நீல மையில் இருந்தது, கீழே கையெழுத்து, மேலே முத்திரை. துறை தொடங்கிய பதினேழு வருஷத்தில் துறைக்குள் எழுதிய ஒன்று துறைக்கு வெளியே இருக்கிற ஒன்றோடு ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்பதால் அவர் கண் கலங்கிவிட்டார். எனக்குப் பாராட்டு விழா நடந்தது, வர்த்தகர் சங்கம் ஒரு பொன்னாடை போர்த்தியது, பேப்பரில் படம் வந்தது, டீக்கடையில் மைனஸ் ஆவுடை வந்திருக்கார் என்று பெஞ்சில் இடம் விட்டார்கள். நானும் அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டவர்களிடம், வைகை அணையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

மைனஸுக்கு எல்லை போட நான் மறந்திருந்ததால் அது குளத்துக்குள்ளேயே இருக்கவில்லை. முதலில் கரையைத் தாண்டிக் குளக்கரைத் தெருக் கிணறுகளுக்குள் போனது, நகராட்சி லாரித் தண்ணீர் அனுப்பியது, குடத்தை மூடி ஓடிப்போய் வீட்டுக்குள் வைத்தால் பாதிக்கு மேல் மிஞ்சியது, அதையும் பழகிக்கொண்டார்கள். அடுத்து வேர்வை நின்றது, அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அதற்கடுத்து அந்தத் தெருவில் கண்ணீர் நின்றது. சிறிய ஈரம் என்பதால் கண்ணுக்குள்ளேயே காய்ந்துவிட்டது, அழ வேண்டியிருந்தவர்கள் பதினோராம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறி ரயில்வே கேட் வரை போய், கேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற வேப்பமரத்தடியில் அழுதுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். "அழுறவங்கல்லாம் கேட்ல இறங்குங்க, ஏறுறவங்க கண்ணத் தொடைச்சிட்டு ஏறுங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். மாமியாரோடு சண்டை போட்டவர்கள், பரீட்சையில் தோற்றவர்கள், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்குப் போனார்கள், கல்யாண வேன்கள் அங்கே பத்து நிமிஷம் நின்று போவது வழக்கமாகிவிட்டது.

மாசி முதல் வாரத்தில் பாத்திமாவின் வாப்பா இறந்துபோனார். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருந்தவர், நான் போகும்போதெல்லாம் ஒரு கொய்யாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, நல்லாப் படிக்கணும் என்பார், அதில் கொய்யாவை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன். கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான். பாத்திமாவின் உம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, என்ன திடமான மனுஷி என்று ஊரே பேசியது. மூன்று வாரம் கழித்து லேப்புக்கு வந்த பாத்திமா நேராக என் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆவுடை, எங்க உம்மாவுக்கு அழ முடியல."

"திடமா இருக்காவன்னு எல்லாரும் சொன்னாவளே" என்றேன், புத்தி அவ்வளவுதான்.

"திடமும் இல்ல ஒண்ணும் இல்ல. அழுகை வருது, கண்ணு வரைக்கும் வந்து காஞ்சு போவுது. கன்னத்துல உப்பு மட்டும் நிக்கி. தெனமும் நான் துணிய வச்சு உப்பைத் தொடைச்சு எடுக்கேன். சோறு எறங்கல, ரெண்டு வார்த்தைக்கு மேல பேச்சு இல்ல, செவரையே பாத்துட்டு இருக்காவ."

"ரயில்வே கேட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"இத்தாவுல இருக்காவ, நாலு மாசம் பத்து நாள் வீட்ட விட்டு வெளிய வரமாட்டாவ. நானும் கேட்டுப் பாத்துட்டேன். வாப்பாவுக்குச் செய்யுற மரியாதை, அழுறதுக்காகப் போயி அத விடுவனான்னு கேக்காவ." அவள் குரல் உடைந்தது, கண் மட்டும் காய்ந்தே இருந்தது. "கேட்டுக்குப் போயி எங்க உம்மாவுக்கும் சேத்து நான் அழுதுட்டு வாரேன். பத்தல. நீ எழுதின ஒரு வரிய மாத்து."

உடனே மாற்றினேன். மட்டம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யத்திலேயே நிற்கட்டும் என்ற அந்த ஒரே வரியைச் சேர்த்து ஓடவிட்டேன், திரையில் கோடு இறங்கி வந்து அச்சில் படுத்துக்கொண்டது, இருவரும் குளத்துக்கு ஓடினோம், குளத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் குளம் அதைச் சட்டை செய்யவில்லை, கையெழுத்தும் முத்திரையும் விழுந்த ரெக்கார்டைத்தான் அது மதித்தது. ரெக்கார்ட் பீரோவில் இருந்தது, பீரோச் சாவி துறைத்தலைவரிடம் இருந்தது. போய் நின்றேன். "தம்பி, நம்ம துறைக்கு இப்பத்தான் பேர் கெடைச்சிருக்கு. தப்புன்னு நீயே சொன்னா ஒனக்கு மார்க் போகும், கூட எழுதின பிள்ளைக்கும் போகும், படிக்காம கையெழுத்துப் போட்டாங்கன்னு ஜெசிந்தாவுக்கு ஜூன்ல வேலையும் போகும். யோசிச்சுக்கோ" என்றார். மற்ற விஷயங்களில் மணிக்கணக்காக யோசிக்கிற நான் இதில் அரை நிமிஷத்தில் யோசித்து முடித்துவிட்டேன், சரி சார் என்று வந்துவிட்டேன். பாத்திமாவிடம் போய், சாவி கிடைக்கவில்லை என்று சொன்னேன். மிஸ்ஸுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் டீக்கடை பெஞ்சில் விட்ட இடத்தில் தினமும் போய் உட்கார்ந்தேன். பாத்திமா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சித்திரை பத்தொன்பதாம் தேதி பிராக்டிகல் பரீட்சை. எக்ஸ்டர்னலாக வந்தவர் வேறு ஊர்க் கல்லூரிக்காரர், வழுக்கைத் தலை, இரண்டு பேனா, வந்ததும் பஜ்ஜியைத் தொடாமல் ரெக்கார்டைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். ரெக்கார்டைப் படிக்கிற மனிதரை எங்கள் துறை அன்றைக்குத்தான் பார்த்தது. என்னையும் பாத்திமாவையும் முன்னால் உட்காரவைத்தார்கள், பக்கத்தில் ஜெசிந்தா மிஸ், பின்னால் துறைத்தலைவர்.

"என்னப்பா இது, தண்ணி மைனஸ் மூணடியா?" என்றார் எக்ஸ்டர்னல்.

துறைத்தலைவர் அதற்காகவே காத்திருந்தார், சார் ஒரு நிமிஷம் வாங்க என்று காரில் ஏற்றிக் குளத்துக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்டர்னல் கைக்குட்டையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து உள்ளே நீட்டினார், இஸ்திரி போட்டதுபோல் திரும்ப வந்தது. மறுபடி நனைத்தார், மறுபடி நீட்டினார், நாலு தடவை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"முப்பது வருஷமா மாடலிங் நடத்துறேன். மாடல் சொல்றதும் ஊர்ல இருக்கிறதும் ரெண்டு சதவீதம் தள்ளி இருந்தாலே தூக்கி வச்சுக் கொண்டாடுவோம். இதுல வித்தியாசமே இல்ல. பூஜ்யம். நூத்துக்கு நூறு போடாம வேற என்ன செய்ய?" என்று பேனா மூடியைக் கழற்றினார்.

அந்தப் பேனா காகிதத்தில் பட்டுவிட்டால் கன்னிமார் குளத்தில் என்றென்றைக்கும் மைனஸ் மூன்றடிதான் என்பது எனக்குத் தெரியும். வாழ்க்கையில் அதுவரை எந்தத் தாளிலும் எனக்கு நூறு விழுந்ததில்லை என்பதும் தெரியும். பாத்திமாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருந்தாள், அதன் மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, கூடவே அப்படி ஒரு வெட்கம் வந்தது.

"சார், அது தப்பு" என்றேன்.

"எது?"

"புரோகிராம் சார். தண்ணி தீந்த பெறகும் கழிச்சுக்கிட்டே போவுது. எங்க நிறுத்தணும்னு நான் எழுதல. மழையும் சேக்கல. ஒம்பது அடிங்கிறதும் அளந்ததில்ல சார், நானாப் போட்டது."

"ஆனா குளம் அப்படித்தான தம்பி இருக்கு?"

"குளத்துக்கு ஒண்ணும் தெரியாது சார். நாங்க எழுதினத அது நம்பிருச்சு."

துறைத்தலைவர் இருமினார். அந்த இருமலுக்கு நடுவில் ஜெசிந்தா மிஸ் எழுந்து நின்றார். "நான் படிக்காமத்தான் சார் கையெழுத்துப் போட்டேன். படிச்சிருந்தா மொதல் தடவையே திருப்பி அனுப்பியிருப்பேன். இப்பச் சொல்றேன், அது தப்பு." எக்ஸ்டர்னல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார், ஜன்னல் வழியே குளம் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார், பெருமூச்சு விட்டுக்கொண்டு அந்தப் பேனாவை மூடி இன்னொரு பேனாவைத் திறந்து, பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில், மறுபடி செய்யவும், என்று எழுதினார். பாத்திமாவுக்கும் அதே சிவப்பு மைதான். வெளியே வந்ததும் அவள் கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்: "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா. அளக்கணும்."

மறுபடி செய்ய ஒன்பது நாள் ஆனது. இந்தத் தடவை குளத்தைச் சுற்றி நானே நடந்தேன், பழைய மதகுக் கல்லில் ஐப்பசித் தண்ணீர் நின்ற பாசிக்கோட்டைத் தேடிப்பிடித்து அளந்தோம், ஒன்பது அடியெல்லாம் இல்லை, நாலடி எட்டு அங்குலம்தான், நாலடி நாலு அங்குலத்தைச் சும்மா வாயாலேயே ஊற்றி நிரப்பியிருக்கிறேன். மழையைச் சேர்த்தோம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லி எழுதினோம். கையால் புதிதாக எழுதிக்கொண்டு போனால் மிஸ் முதல் எழுத்திலிருந்து படித்தார், அச்சுக்கு அலகு எழுதவில்லை என்று ஒரு தடவை திருப்பினார், ஒரு வேரியபிளுக்குப் பெயர் சரியில்லை என்று ஒரு தடவை திருப்பினார், மூன்றாவது தடவை என் கையெழுத்தே புரியவில்லை என்று திருப்பினார், நான் முனகினேன், பாத்திமா முனகாமல் அடுத்த தாளை எடுத்துக் கோடு போட்டாள். செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு மிஸ் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டார், கையோடு முத்திரையும் விழுந்தது.

அந்த நிமிஷத்தில் குளத்தில் நூற்றுக்கணக்கான சேலைகள் ஈரமாகவே கிடந்தன. காய்ந்துகொண்டிருந்த சாளை வெயிலில் நாறத் தொடங்கியது. குளம் வெறுமனே வறண்டிருந்தது, மற்ற ஊர்க் குளங்களைப்போல, பூஜ்யமாக. ஊருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது, நல்லா இருந்த குளத்தைப் படிச்சவன் கெடுத்துட்டான் என்று பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கூடியது, வர்த்தகர் சங்கத்தார் வீட்டுக்கே வந்து பொன்னாடையைத் திருப்பிக் கேட்டார்கள், அம்மா அதை மிக்ஸிக்கு உறையாகத் தைத்திருந்தாள், தையலைப் பிரித்துக் கொடுத்தாள். டீக்கடை பெஞ்சில் இடம் இருந்தும் இல்லை என்றார்கள். ஜூனில் மிஸ்ஸை மறுபடி கூப்பிடவில்லை, அவர் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார், அங்கே எல்லா ரெக்கார்டையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறாராம், பிள்ளைகள் சபிக்கிறார்களாம். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது, எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்து விழுந்ததும் பாத்திமா பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன், பை ஒரு சாக்கு, அழுகைச் சத்தம் வருகிறதா என்று எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. குளக்கரைத் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு சத்தமும் இல்லை. அவள் வீட்டு வாசலுக்கு எதிரே, இத்தா இருக்கிற வீட்டுக்கு முன்னால் ஆம்பிளை நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு லைட் கம்பத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். என் கணக்கில் இன்னும் ஏதாவது ஒரு வரி விட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்போது உள்ளேயிருந்து முதலில் ஒரு விக்கல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எண்பத்தைந்து நாள் அழுகை ஒரே மூச்சில் கிளம்பி வந்தது, என் ராசாவே என்று அந்த அம்மா அவரை ஒரு தடவை கூப்பிட்டார்கள், நான் அதுவரை அவர்கள் குரலையே கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, எதிர் வீட்டுக் கதவு திறந்தது, கேட்டுக்குப் போக நேரமில்லாமல் மூன்று மாதமாகத் தள்ளிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசற்படியில் உட்கார்ந்து, எதற்கென்று யாரும் யாரையும் கேட்காமல், நிம்மதியாக அழுதார்கள்.

பாத்திமா வெளியே வந்தாள். முகம் முழுக்க ஈரம், மூக்கு சிவந்திருந்தது, கையிலிருந்த அந்தக் கைக்குட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, உப்பெல்லாம் கரைந்துபோயிருந்தது. என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"மிஸ்கிட்டப் போயிச் சொல்லு" என்றாள். "அவுட்புட் சரியா வந்துட்டுன்னு."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், அந்தக் கொய்யா ஞாபகம் வந்தது, எனக்கும் வந்துவிட்டது. லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பழக்கடைக்காரருக்காக அழுதேன், கைவிட்டுப் போன நூறு மார்க்குக்காகக் கொஞ்சம் அழுதேன், அந்த அரை நிமிஷ யோசனைக்காக நிறைய அழுதேன், தெருவில் எல்லோரும் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போன பிறகும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன்.